தலைக்கு எண்ணெய், நெற்றிக்குத் தைலம்: ஒரு மருந்தின் வரலாறும் அறிவியலும்



"தலை வலிக்குதா? கொஞ்சம் தைலம் போட்டுக்கோ." இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மிடையே குறைவு. ஆனால் அந்தத் தைலம் எது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் மூலிகை போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காட்டுவார்கள். அடுத்த வீட்டில் கோடாலித் தைலப் பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். இரண்டுக்கும் பெயர் தைலம்தான். ஆனால் ஒன்று ஏறக்குறைய 2,000 ஆண்டு மரபிலிருந்து வருவது. மற்றொன்று நம் துறைமுக நகரங்களில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்தது. இரண்டும் உடலில் வேலை செய்யும் விதமும் வேறு வேறு.

ஒரே பெயர் இருப்பதால் நாம் ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறோம். பழைய எண்ணெயின் சாதுவான குணத்தைப் புதிய பாட்டிலுக்குக் கொடுத்துவிடுகிறோம். புதிய பாட்டிலுக்குக் கிடைத்த அறிவியல் சான்றைப் பழைய எண்ணெய்க்குக் கொடுத்துவிடுகிறோம். முதல் தவறு, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லிலிருந்து தொடங்குவோம்

வடமொழியில் 'திலம்' என்றால் எள். எள்ளிலிருந்து வந்தது 'தைலம்'. தமிழிலும் அதே கதைதான். எள் + நெய் = எண்ணெய். புணர்ச்சி விதி படிக்கும் மாணவர்கள் கவனியுங்கள்: இங்கே ளகரமும் நகரமும் ணகரமாகத் திரிகின்றன. ஆக, இரு மொழிகளிலும் எண்ணெய் என்றாலே முதலில் எள்ளெண்ணெய்தான், அதாவது நல்லெண்ணெய். பின்னாளில் பொருள் விரிந்து தேங்காய் எண்ணெய், செம்பனை எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதே மாதிரிதான் 'தைலம்' என்ற சொல்லும் விரிந்தது. நீலகிரித் தைலத்தில் எள்ளும் இல்லை. அதன் மரம் நீலகிரிக்குச் சொந்தமானதும் இல்லை. அது ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ்.

2. நூல்கள் என்ன சொல்கின்றன?

ஆயுர்வேதத்தின் பழைய நூல்களான சரக சம்ஹிதையும் சுசுருத சம்ஹிதையும் தலைநோய்களைத் தனியே எடுத்துப் பேசுகின்றன. சரகம் தலைநோய்களை ஐந்தாகப் பிரிக்கிறது. சுசுருதம் 11 ஆகப் பிரிக்கிறது. எண்ணிக்கையைவிட முக்கியமானது அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம்: எல்லாத் தலைவலியும் ஒன்றல்ல. இன்றைய மருத்துவரும் அதையேதான் முதலில் கேட்கிறார். இது இறுக்கத்தால் வரும் தலைவலியா, ஒற்றைத் தலைவலியா, அல்லது வேறொரு நோயின் அறிகுறியா?

தினமும் தலைக்கு எண்ணெய் வைப்பவருக்குத் தலைவலி, முடி உதிர்தல், இளநரை போன்றவை வருவதில்லை என்று சரகம் கூறுகிறது. மூக்கில் துளியாக விடும் 'அணு தைலம்' பற்றிய குறிப்பும் அதில் உண்டு. ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், தலைக்கு எண்ணெய் பயன்படுத்தும் முறைகளை நான்காக வகுக்கிறது:

• தலையில் எண்ணெய் தேய்த்தல்
• நெற்றியிலும் தலையிலும் எண்ணெயை ஊற்றுதல் (இன்று நாம் 'சிரோதாரா' என்று கேள்விப்படுவது இந்த வகை)
• எண்ணெயில் நனைத்த பஞ்சைத் தலையில் வைத்தல்
• தலையைச் சுற்றித் தோல் பட்டை கட்டி, அதற்குள் எண்ணெயை நிறுத்திவைத்தல்

இவற்றில் முதலாவதைவிட இரண்டாவது வலியது, இரண்டாவதைவிட மூன்றாவது வலியது என்று படிப்படியாகப் போகும். தமிழரின் சித்த மருத்துவத்திலும் எண்ணெய் முழுக்கு, சுக்குத் தைலம், நொச்சித் தைலம் என்று இதற்கு இணையான மரபு உண்டு. ஆனால் சித்தமும் ஆயுர்வேதமும் ஒன்று என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். இரண்டுக்கும் நூல்களும் மருந்து முறைகளும் வேறு.

3. அடுப்பில் நடக்கும் அறிவியல்

சரி, இதுல அறிவியல் எங்கே இருக்கு? முதலில் அடுப்பைப் பாருங்கள்.

சார்ங்கதர சம்ஹிதை என்னும் இடைக்கால நூல் தைலம் காய்ச்ச ஓர் அளவு தருகிறது: அரைத்த மூலிகை விழுது 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, கஷாயம் அல்லது பால் போன்ற நீர்ப்பொருள் 16 பங்கு. எண்ணெயைவிட நான்கு மடங்கு தண்ணீரா என்று உங்களுக்குத் தோன்றலாம். இங்கேதான் சூட்சுமம். பாத்திரத்தில் நீர் இருக்கும்வரை வெப்பம் ஏறத்தாழ 100 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். அடுப்பு கொடுக்கும் சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும். அதனால் மூலிகை கருகாமல், அதன் சாரம் மெல்ல எண்ணெயில் இறங்குகிறது. நீர் வற்றியதும் எண்ணெயின் வெப்பம் விறுவிறுவென்று ஏறும். அந்த நேரம் பார்த்து இறக்காவிட்டால் மருந்து கெட்டுவிடும்.

வெப்பமானி இல்லாத காலத்தில் அந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? விழுதை எடுத்து விரலில் உருட்டினால் திரி போலத் திரள வேண்டும். அதை நெருப்பில் காட்டினால் சடசட என்ற சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். எண்ணெயில் நுரை எழும்புவதும் ஓர் அடையாளம். மெழுகுப் பதம், மணற்பதம் என்று சித்த வைத்தியர்கள் சொல்வதும் இந்த வகைச் சோதனைதான். நீர் தங்கிய எண்ணெய் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆகவே இந்தச் சோதனையைத் தரக்கட்டுப்பாடு என்று தயங்காமல் சொல்லலாம்.

ஏன் நல்லெண்ணெய்? எள்ளில் செசமின், செசமோலின் என்னும் பொருள்கள் உள்ளன. காய்ச்சும்போது செசமோலினிலிருந்து செசமால் பிறக்கிறது. இது எண்ணெய் சிக்குவாடை அடைவதைத் தடுக்கும் இயற்கைக் காப்பு. குளிர்பதனப் பெட்டி இல்லாத வெப்ப நாட்டில் மருந்தை மாதக்கணக்கில் வைத்திருக்க இதைவிடப் பொருத்தமான எண்ணெய் கிடைப்பது கடினம்.

4. எண்ணெய் தலைக்குள் இறங்குகிறதா?

"எண்ணெய் மூளைக்குள்ள இறங்கிச் சூட்டைத் தணிக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

நம் தோலின் மேற்புறத்தில் இறந்த உயிரணுக்களாலான ஒரு படலம் செங்கற்சுவர் போல அடுக்கப்பட்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு பொதுவிதியை முன்வைத்தார்கள்: மூலக்கூறின் எடை 500 டால்டனுக்கு மேல் போனால் அது இந்தச் சுவரைக் கடப்பது அரிது. நல்லெண்ணெயின் கொழுப்பு மூலக்கூறுகளின் எடை ஏறத்தாழ 870 முதல் 885 டால்டன். அதாவது எண்ணெயின் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குப் போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

அப்படியானால் பாட்டி தேய்த்துவிடும்போது வலி குறைவது பொய்யா? பொய்யில்லை. காரணம்தான் வேறு. எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது. விரல்கள் தலை, கழுத்துத் தசைகளை இதமாக அழுத்த முடிகிறது. இறுக்கத் தலைவலியில் இந்தத் தசைகளுக்குப் பங்கு உண்டு. தேய்க்கும்போது எழும் தொடு உணர்ச்சி, வலிச் செய்தி தண்டுவடத்தில் மேலேறுவதை மட்டுப்படுத்துகிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்னும் இருவர் விளக்கினார்கள். இதை 'வலியின் வாயில்' கோட்பாடு எனலாம். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துவிடுவது இதனால்தான். இதோடு, கண்ணை மூடி அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு மருந்து. படிப்பு, வேலை, கைப்பேசி என்று ஓடும் நமக்கு அது எத்தனை நாள் கிடைக்கிறது?

சிரோதாரா பற்றியும் ஆய்வுகள் உள்ளன. சப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நலமாக இருந்த சிலரிடம் அது ஆழ்ந்த அமைதி நிலையை உண்டாக்கியது தெரிந்தது. ஆனால் ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலர். அவர்கள் தலைவலி நோயாளிகளும் அல்லர். எனவே அமைதி தருகிறது எனலாம். தலைவலியைக் குணப்படுத்துகிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

5. கற்பூரம் கடல் தாண்டிய கதை

இப்போது இரண்டாவது தைலத்துக்கு வருவோம். அதன் முக்கியப் பொருள்களில் ஒன்றான கற்பூரத்தின் வரலாறு நம் வட்டாரத்தோடு பின்னியது.

சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்னும் ஊர் இருக்கிறது. காப்பூர் மரத்திலிருந்து எடுக்கப்பட்ட கற்பூரத்துக்கு உலகப் புகழ் பெற்ற துறைமுகம் அது. அதனருகே லோபு துவா என்னும் இடத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழு அங்கே நிலைகொண்டிருந்ததை அது காட்டுகிறது. கல்வெட்டில் அந்த ஊரின் பெயர் 'வரோசு'. சோழர் கால வரலாறு படிக்கும் மாணவர்கள் கடாரத்துடன் இந்த ஊரையும் நினைவில் வையுங்கள். தமிழர் இத்தீவுகளுக்குப் படையோடு மட்டும் வரவில்லை. வாசனைப் பொருள் தேடியும் வந்தார்கள்.

வேதியியல் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. பாருஸ் கற்பூரத்தில் பெரும்பகுதி போர்னியோல். சீனா, தைவான், சப்பான் பகுதிகளின் கற்பூர மரத்திலிருந்து வருவது கேம்ஃபர். இன்று பூசையில் ஏற்றும் கற்பூரம் பெரும்பாலும் டர்ப்பண்டைன் எண்ணெயிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. இங்கேயும் ஒரே பெயரில் பல பொருள்!

6. துறைமுக நகரங்களின் பாட்டில்கள்

19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் பெருகின. சப்பானிலிருந்து புதினா உப்பு எனப்படும் மெந்தால், ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் எண்ணெய், கிழக்காசியாவிலிருந்து கற்பூரம் எல்லாம் ஆசியத் துறைமுகங்களில் ஒன்றுசேர்ந்தன. மருந்து வணிகர்கள் இவற்றைக் கலந்து சிறு பாட்டில்களில் அடைத்தார்கள்.

• 1893: பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். பின்னாளில் 'ஆந்திர பத்திரிகை' இதழை நிறுவியவரும் இவரே.
• 1926: இரங்கூனில் ஒரு சீன மருத்துவர் குடும்பத்தில் பிறந்த ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் சகோதரர்கள் தங்கள் புலித் தைலத் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். 'ஹாவ்' என்றால் புலி. சிங்கப்பூரின் ஹாவ் பார் வில்லா இவர்கள் பெயரால் அமைந்தது.
• 1928: சிங்கப்பூரில் லியுங் யுன் சீ தொடங்கிய நிறுவனம் கோடாலித் தைலத்தை விற்கத் தொடங்கியது. அதன் செய்முறை ஒரு ஜெர்மானிய மருத்துவரிடமிருந்து கிடைத்ததாக அந்நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது.

நன்றாகக் கவனியுங்கள். தெலுங்கர் ஒருவர், சீனர் மூவர், ஒரு ஜெர்மானிய மருத்துவர். சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகும் தமிழர் பெட்டியில் கோடாலித் தைலம் தவறாமல் இருந்த காலம் உண்டு. ஹஜ் பயணிகளும் அதை விரும்பி எடுத்துச் சென்றார்கள். ஆகவே இந்தப் பாட்டில்களை ஆயுர்வேத நூல்களின் நேரடி வாரிசு என்று சொல்வது சரியாகாது. அவை கப்பல் வணிகத்தின் பிள்ளைகள். நாம்தான் அவற்றுக்குத் தைலம் என்ற பழைய பெயரைச் சூட்டிக்கொண்டோம்.

7. குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது?

மெந்தாலின் மூலக்கூறு எடை 156. கற்பூரம் 152. மெத்தில் சாலிசிலேட் 152. 500 டால்டன் விதியை நினைத்துப் பாருங்கள். நல்லெண்ணெய் நிற்கும் வாசலில் இவை எளிதாக நுழைந்துவிடும்.

நுழைந்து என்ன செய்கின்றன? நம் நரம்பு முனைகளில் குளிரை உணரும் ஓர் ஏற்பி இருக்கிறது. அதன் பெயர் டி.ஆர்.பி.எம்.8. மெந்தால் அதைத் தூண்டிவிடுகிறது. தோலின் வெப்பம் அப்படியே இருந்தாலும், 'குளிர்கிறது' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. 2002-இல் இதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஒன்று டேவிட் ஜூலியஸ் குழு. மற்றது ஆர்டம் படபூட்டியன் குழு. இருவரும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் சுக்குப் பற்றுக்கும் இதில் இடமுண்டு. இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால், காயும்போது ஷோகாலாக மாறுகிறது. அதனால்தான் இஞ்சியைவிடச் சுக்குக்குக் காரம் அதிகம். இந்தப் பொருள்கள் சூட்டை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்னும் ஏற்பியைத் தூண்டுகின்றன. ஜூலியஸ் குழு 1997-இல் மிளகாயின் காரத்தை வைத்து அடையாளம் கண்ட ஏற்பி அது. நெற்றியில் சுக்கு எரிவதும் தைலம் குளிர்வதும் நேரெதிர் போலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே குடும்பத்து ஏற்பிகளின் வேலை.

8. சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். 1996-இல் ஜெர்மனியில் இறுக்கத் தலைவலி உள்ள 41 பேரிடம் கோபெல் குழுவினர் ஆய்வு செய்தனர். 10 விழுக்காடு புதினா எண்ணெய்க் கரைசலை நெற்றியிலும் பொட்டிலும் தடவினார்கள். 15 நிமிடத்திலேயே வலி குறையத் தொடங்கியது. பலன் 1,000 மில்லிகிராம் பாராசிட்டமோலுக்கு ஈடாக இருந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் புலித் தைலத்தை வைத்து நடந்த சோதனையிலும் அது போலி மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. பாராசிட்டமோலோடு பெரிய வேறுபாடு இல்லை.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழும். தைலத்துக்குப் போலி மருந்து செய்வது எப்படி? வாசனையே காட்டிக்கொடுத்துவிடுமே! ஜெர்மானிய ஆய்வாளர்கள் போலிக் கரைசலிலும் துளியளவு புதினா எண்ணெய் சேர்த்தார்கள். நியாயமான சோதனை என்றால் என்ன என்று வகுப்பில் விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஆனால் இந்தச் சான்றின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இவை சிறிய ஆய்வுகள். பங்கேற்றவர்களுக்கு இருந்தது இறுக்கத் தலைவலி. சோதிக்கப்பட்டவை புதினா எண்ணெயும் புலித் தைலமும். காய்ச்சிய மூலிகை எண்ணெய் அல்ல. "தைலம் நல்லதுன்னு அறிவியலே சொல்லிடுச்சு" என்று எழுதும்போது, எந்தத் தைலம் என்று கேட்க மறக்காதீர்கள்.

9. குழந்தை இருக்கும் வீட்டில்

உள்ளே நுழையும் பொருளுக்கு மட்டுமே நன்மை செய்யும் வலிமையும் தீமை செய்யும் வலிமையும் உண்டு. ஒரு தேக்கரண்டி சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய், அதாவது மெத்தில் சாலிசிலேட், ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். ஆஸ்பிரின் மாத்திரைக் கணக்கில் அது 20-க்கும் மேல். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். அமெரிக்கா 1983-இல் மருந்துகளில் கற்பூரத்தின் அளவை 11 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது இதனால்தான்.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜி6பி.டி. என்னும் நொதிக் குறைபாடு இங்கே பரவலாகக் காணப்படுகிறது. ஆண் குழந்தைகளிடம் அதிகம். இக்குறைபாடுள்ள குழந்தை சில பொருள்களுக்கு ஆட்பட்டால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரும். முற்றினால் மூளை பாதிக்கப்படும். சிங்கப்பூரில் குழந்தை மருத்துவர் வோங் ஹோக் பூன் போன்றோரின் உழைப்பால் 1965 முதல் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் தொப்புள்கொடி இரத்தத்தில் இச்சோதனை செய்யப்படுகிறது. மலேசியாவிலும் இச்சோதனை உண்டு. குறைபாடு இருந்தால் அந்துருண்டையோடு கற்பூரம், மெந்தால் கலந்த தைலங்களையும் குழந்தையிடமிருந்து விலக்கி வைக்கும்படி மருத்துவமனைகள் பெற்றோருக்கு அறிவுறுத்துகின்றன.

"காலங்காலமா தைலம் தடவித்தானே வளர்த்தோம்?" என்று பாட்டிமார் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். பழைய தலைமுறை தடவியது பெரும்பாலும் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும். இன்று கையில் இருப்பது பெயரில் மட்டுமே அதன் உறவு. இந்த ஒரு வேறுபாட்டைப் பொறுமையாகச் சொன்னாலே போதும். நம் பாட்டிமார் புரிந்துகொள்வார்கள்.

மலேசியாவில் பாரம்பரிய மருந்து வாங்கும்போது எம்.ஏ.எல். பதிவெண் உள்ளதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தின் பதிவெண் 'டி' என்ற எழுத்தில் முடியும். 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் இந்திய மரபு மருத்துவத்தையும் ஏற்றிருக்கிறது. போர்ட்டிக்சன் மருத்துவமனை உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் சிரோதாரா சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது.

எந்தத் தைலமும் தொடக்கூடாத தலைவலிகளும் உண்டு. திடீரென்று இடிபோல் வரும் வலி, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல். இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

10. வகுப்பறைக்குச் சில கேள்விகள்

1. 'எண்ணெய்', 'தைலம்' ஆகிய சொற்களின் பொருள் விரிவை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
2. தைலம் காய்ச்சும்போது நீர் சேர்ப்பதன் காரணம் என்ன? நீர் வற்றியதை எவ்வாறு அறிந்தனர்?
3. மரபு முறை நல்லெண்ணெய்க்கும் மெந்தால் தைலத்துக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றைக் கூறுக.
4. "பழமையானது என்பதாலேயே ஒரு மருந்து பாதுகாப்பானது." இக்கூற்றை ஒட்டியோ வெட்டியோ வாதக் கட்டுரை எழுதுக.

நான்காவது கேள்விக்கு ஒரு சிறு குறிப்பு: 'பழமையானது' என்று நீங்கள் குறிப்பிடும் மருந்து உண்மையிலேயே பழமையானதுதானா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு எழுதத் தொடங்குங்கள். பாதி மதிப்பெண் அங்கேயே கிடைத்துவிடும்.